முதல் சம்பளத்தைப் பற்றி யார் கேட்பது?

எங்கள் ஊர்ச் சங்கத்தில் இந்தக் குளிர்காலம் தொடங்குமுன் முடிவெடுக்க வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த நம்மவரின் முதல் கூட்டம் எழுபது வயதை எட்டிக்கொண்டிருக்கிறது. இங்கே அவர்கள் என்னென்ன வேலை பார்த்தார்கள், எப்படி வீடு வாசல் என்று ஆனார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே பதிவு செய்துவைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எப்படிச் செய்வது என்பதில்தான் நான்கு கட்சி. கையில் இருப்பதோ எட்டுத் தன்னார்வலர்கள், இரவல் வாங்கிய இரண்டு ஒலிப்பதிவுக் கருவிகள், ஒரு குளிர்காலம். நான்கு யோசனைகளையும் எடைபோட்டு, நான் எந்தப் பக்கம், ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். வேறு ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இதே யோசனையில் இருப்பது தெரியும். அவர்களுக்கும் பயன்படலாம்.

யோசனைகளுக்குப் போகுமுன் ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்றால் கிடைப்பது பெரும்பாலும் கேஸ் கதை, அதாவது அகதிக் கோரிக்கைக்காகச் சொல்லிப் பழகிய கதை. 1985 ஏப்ரலில் கனடா உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அகதிக் கோரிக்கையில் ஒருவர் சொல்வதை நம்புவதா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், அவர் நேரில் வந்து வாயால் சொல்ல இடம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது அது. 1989 இல் அந்தக் கோரிக்கைகளை விசாரிக்கும் குடிவரவு அகதிகள் சபை வந்தது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் தங்கள் வாழ்க்கையைப் படிவத்தில் எழுதி, வழக்கறிஞரோடு இருந்து திருத்தி, மொழிபெயர்ப்பாளர் வாய் வழியாகச் சபை உறுப்பினர் முன்னால் ஒப்புவித்தார்கள். அந்தக் கதையில் ஒரு தேதி பிசகக் கூடாது. அதில் பயத்துக்கு இடம் உண்டு, பிழைப்புக்கு இடமில்லை. உழைக்க வந்தவன் என்ற எண்ணம் எதிரே இருப்பவருக்கு ஒரு கணம் வந்துவிட்டாலும் கேஸ் போயிற்று. வேலையைப் பற்றி வாய் திறக்காமல் இருக்கப் பழக்கப்பட்ட ஒரு தலைமுறையிடம்தான் நாம் வேலையைப் பற்றிக் கேட்கப் போகிறோம்.

1986 ஆகஸ்ட் 11 அன்று நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். இந்தியாவிலிருந்து வருகிறோம் என்றுதான் அவர்கள் முதலில் சொன்னார்கள். மேற்கு ஜெர்மனியிலிருந்து புறப்பட்டது பிறகுதான் வெளியே வந்தது. இன்றைக்கும் அவர்களில் ஒருவர் கிடைத்தால் நாம் படகைப் பற்றித்தான் கேட்போம். படகில் அவர்கள் இருந்தது சில நாட்கள். அதற்குப் பிறகு இந்த நாட்டில் உழைத்தது முப்பது, முப்பத்தைந்து வருடம்.

போன வருடம் ஒத்திகையாக ஒரு பெரியவரைப் பதிவு செய்தேன். வெலஸ்லி வீதியும் பார்லிமென்ட் வீதியும் சந்திக்கும் இடத்தில், சென்ட் ஜேம்ஸ் டவுன் மாடிக்கட்டடங்களில் ஆரம்பத்தில் இருந்தவர். ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். இருபது நிமிடம் தேதி தேதியாகச் சொன்னார். எங்கும் தடுமாறவில்லை. எங்கும் அவரும் இல்லை. தேநீர் வந்தது. சும்மா இருக்கக் கூடாதே என்று, முதலில் எங்கே ஐயா வேலை என்றேன். சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, முன்கையில் ஏணிப்படி போல வரிவரியாக இருந்த தழும்புகளைக் காட்டினார். உணவகத்து அவண் கம்பிகள் சுட்ட தடங்கள். கோப்பை கழுவப் போய், மூன்றாம் மாதமே அவணில் சுடும் பக்கம் நகர்ந்த கதையை ஒன்றரை மணி நேரம் சொன்னார். நடுவில் ஒரு முறை கருவியின் சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு, "இதுவும் ஏறுகிறதா?" என்று சிரித்தார். எங்கள் பேச்சுவழக்கில் கதைப்பது என்றால் பேசுவது. அன்றைக்குத்தான் அவர் கதைத்தார்.

ஆகவே என் அளவுகோல் ஒன்றே ஒன்று. கேஸ் கதையைத் தாண்டி இந்தப் பேச்சுக்கு நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி எது?

முதல் யோசனை, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே கேட்கட்டும் என்பது. இதற்கு முன்மாதிரி அமெரிக்காவின் ஸ்டோரிகோர். 2003 இல் நியூயோர்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறிய அறை வைத்துத் தொடங்கினார்கள். ஒருவரை ஒருவர் அறிந்த இருவர் உட்கார்ந்து நாற்பது நிமிடம் பேச வேண்டும். உதவிக்கு ஓர் ஆள் இருப்பார். சம்மதித்தால் ஒரு பிரதி லைப்ரரி ஆஃப் காங்கிரஸுக்குப் போகும். செலவு குறைவு, செய்வதும் சுலபம். வீட்டார் பிறகு உண்மையிலேயே எடுத்துக் கேட்கக்கூடிய பதிவு இந்த வகைதான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நம் வீடுகளில் இது எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். பேத்திக்குத் தமிழ் விளங்கும், கேள்வி கேட்கும் அளவுக்கு வராது. தாத்தா ஆங்கிலத்துக்கு மாறுவார். மாறினால் வேலைத்தலத்து ஆங்கிலமோ கேஸ் ஆங்கிலமோதான் வரும். அதைவிடப் பெரிய சிக்கல், பெற்றோர் பிள்ளைகளிடம் மறைப்பது. எட்டுப் பேர் ஓர் அறையில் இருந்ததையும், பகல் ஷிஃப்ட்காரன் எழும்ப இரவு ஷிஃப்ட்காரன் அதே மெத்தையில் விழுந்ததையும் சிரிப்புக்காகச் சொல்வார்கள். மேற்பார்வையாளன் எல்லோர் முன்னாலும் திட்டியதைச் சொல்ல மாட்டார்கள். ஊரில் ஆசிரியராக இருந்தவர் இங்கே கழிப்பறை துடைத்ததை மகளிடம் இன்றுவரை "பில்டிங் மெயின்டனன்ஸ்" என்றே சொல்லிவைத்திருப்பார். மகள் அழுத்திக் கேட்டால், "கஷ்டப்பட்டோம், அதெல்லாம் இப்போது ஏன் பிள்ளை?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இரண்டாவது யோசனை, அவரவரே கைத்தொலைபேசியில் சில நிமிடம் பேசி அனுப்பட்டும் என்பது. தெற்காசிய அமெரிக்கர் எண்ணிம ஆவணக் காப்பகமான சாடா 2008 இல் தொடங்கியது. 2013 இல் அது முதல் நாட்கள் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குடியேறியவர்கள் அமெரிக்காவில் தங்கள் முதல் நாளைப் பற்றிய சிறு நினைவைப் பகிரலாம். அழகான யோசனை, அந்த நாட்டுக்கும் அந்தக் கேள்விக்கும் பொருந்தியது. நாம் அதைச் செய்தால் நூறு பேரும் பியர்சன் விமான நிலையத்தில் இறங்குவார்கள், நூறு பேருக்கும் பனி கொட்டும், நூறு பேருக்கும் ஓர் அண்ணன் ஜாக்கெட் கொண்டுவருவார். வேலை ஒரு நாளில் நடக்கிற சமாச்சாரம் இல்லை. ஆட்களைக் கண்டுபிடிக்க மட்டும் இதைப் பயன்படுத்தலாம். "உங்கள் முதல் வேலை என்ன?" என்று வாட்ஸப் குழுவில் ஒரு கேள்வியைப் போட்டு, வருகிற குரல் பதிவுகளைக் கேட்டு, யாரிடம் போக வேண்டும் என்று குறித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இதை இழுக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் இளையவர்களின் விருப்பம். 2010 இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய 1947 பிரிவினை ஆவணக் காப்பகம் போலச் செய்வோம் என்கிறார்கள். சாதாரண மக்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்கள் தங்கள் தங்கள் ஊர்களில் பெரியவர்களைப் பதிவு செய்து சேர்த்த நேர்காணல்கள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. எண்ணிக்கையைக் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று நூறு பேரையாவது பிடித்துவைப்போம் என்ற அவர்களுடைய வாதத்தை லேசில் தள்ள முடியாது. போன வருடம் எங்கள் ஊரவர் மூவருக்கு மலர்ச்சாலையில் அஞ்சலி செலுத்தினோம். மூவருமே என் பட்டியலில் இருந்தவர்கள்.

ஆனால் பிரிவினை என்பது எல்லோரையும் ஒரே நேரத்தில் அடித்த பேரலை. அன்று என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பதில் சொல்லச் சாட்சி போதும். வேலைக்கு அது போதாது, கேட்பவருக்குத் தொழில் தெரிந்திருக்க வேண்டும். ஒத்திகையில் ஒரு தம்பி, கெட்டிக்காரப் பிள்ளை, பேப்பர் போட்டு வாழ்ந்த ஒருவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். "பிறகு ரூட்டைக் கைமாற்றிவிட்டேன்" என்றார் அவர். தம்பி தலையாட்டிவிட்டு, அச்சடித்துக் கொண்டுவந்த தாளில் அடுத்த கேள்வியாக இருந்த கனடாவில் உங்களுக்குப் பிடித்தது என்ன என்பதற்குப் போய்விட்டார். அதிகாலை மூன்று மணிக்குக் காரில் மனைவி ஓட்ட, கணவன் பின்னாலிருந்து பத்திரிகைகளை மடித்து ரப்பர் பேண்ட் போட்டு, வாசல் வாசலாக இறங்கி ஓடிய குடும்பங்களுக்கு ரூட் என்றால் சொத்து. அதை யாருக்குக் கொடுத்தார், என்ன வாங்கினார், எழுதிக் கொடுத்தாரா, வாய்ச்சொல்லா, ஏன் விட்டார் என்று கேட்டிருந்தால் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து இந்தச் சமூகத்தின் பொருளாதாரமே வந்திருக்கும். தாளில் இல்லாத கேள்வி அது.

நான்காவது வழி சிங்கப்பூருடையது. அங்கே அரசே 1979 இல் வாய்மொழி வரலாற்றுப் பிரிவைத் தொடங்கியது. ஒருவரைப் பல அமர்வுகளாகப் பதிவு செய்வார்கள். அவர்களுடைய பட்டியலைத் திறந்து பார்த்தால் ஒரே ஆளுக்கு ஒலிச்சுருள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை போகும். தமிழ்ப் பெரியவர்களும் அதில் இருக்கிறார்கள். இதைச் சொன்னதும் கூட்டத்தில் எழுந்த கேள்வி: அவர்கள் அரசாங்கம், நாம் யார்? நியாயம்தான். முழுவதையும் நம்மால் செய்ய முடியாது. ஆனால் அதிலுள்ள ஒரு சங்கதியை எடுத்துக்கொள்ளலாம். அது இரண்டாம் அமர்வு.

முதல் நாள் எவரும் கேஸ் கதையைச் சொல்லித்தான் தீர்வார், அல்லது கேள்விக்குப் பயந்து சுருக்கிச் சொல்வார். அதை மறிக்கவும் கூடாது, அது அவருடைய உரிமை. நீங்கள் போனபிறகு இரவு முழுக்க அவருக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வரும். ஒரு வாரம் கழித்துப் போனால் வாசலிலேயே தொடங்கிவிடுவார். "அன்றைக்கு ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று." நான் செய்த ஒத்திகைகளில் இரண்டாம் முறை போன மூன்று வீடுகளிலும் இது நடந்தது. ஒரு வீட்டில் சப்பாத்துப் பெட்டி நிறையச் சம்பளத் துண்டுகள் மேசையில் காத்திருந்தன.

நான் நான்காவதன் பக்கம். எட்டுப் பேரை நான்கு சோடியாக்கி, ஒரு சோடிக்கு நான்கு பெரியவர், ஆளுக்கு இரண்டு அமர்வு. குளிர்காலம் முடிய பதினாறு பேர். நூறு எங்கே, பதினாறு எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் கொடுக்கிற சலுகை ஒன்று உண்டு. உடல்நிலை மோசமானவர்களிடம் இரண்டாம் அமர்வுக்குக் காத்திராமல் உடனே போய் ஒரே அமர்வில் முடிப்போம். அவர்கள் பதினாறில் சேர மாட்டார்கள். கேட்கிறவர் சொந்தக்காரராகவும் இருக்கக் கூடாது, முன்பின் தெரியாதவராகவும் இருக்கக் கூடாது. ஊர் தெரிந்த, வீடு தெரியாத ஆள் வேண்டும். முடிந்தால் அதே தொழிலைப் பார்த்தவர். உணவகத்தில் நின்றவரை உணவகத்தில் நின்றவர் கேட்கட்டும், இளையவர் பக்கத்தில் இருந்து கருவியைப் பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளைகள் கட்சியையும் நான் கைவிடவில்லை. இரண்டாம் அமர்வின் கடைசி அரை மணி நேரத்துக்கு மகனையோ பேத்தியையோ கூப்பிட்டு உட்காரவைப்போம். அப்பா ஏற்கனவே பேச்சில் இறங்கியிருப்பார், அதற்குப் பிறகு மறைப்பது கடினம்.

ஒலியா, ஒளியா என்பது அடுத்த சண்டை. வீடியோவுக்கு என் எதிர்ப்பு எளிமையானது. கமெராவைக் கண்டால் நம்மவர் கோட் போட்டுக்கொண்டு வருகிறார், பின்னால் குத்துவிளக்கு வருகிறது, குரல் மேடைக் குரலாகிவிடுகிறது. ஒலிக்கருவி மேசையில் கிடந்தால் பத்து நிமிடத்தில் மறந்துபோகும். ஒரு விட்டுக்கொடுப்பு: கைவேலையைக் காட்டும்போது மட்டும் படம் எடுக்கலாம். அந்தப் பேப்பர்காரர் நேற்றைய பத்திரிகை ஒன்றை எடுத்து மூன்றாய் மடித்து ரப்பர் பேண்ட் போட்ட வேகத்தை ஒலியில் என்ன செய்வது? என் பதிவில் "சர்" என்று ஒரு சத்தமும் என்னுடைய "அட!"வும்தான் இருக்கின்றன.

சுருக்கப்படாத ஒலிக்கோப்பாகவே எடுப்போம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்தால் ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு அரை ஜிகாபைட்டுக்குச் சற்று மேல் வரும். இன்றைக்கு அது ஒரு பாரமே இல்லை. பாரம் குளிர்சாதனப் பெட்டியின் முனகல்தான். அதை நிறுத்திவிட்டு, உங்கள் கார்ச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறந்து வீடு போய்ச் சேர மாட்டீர்கள். பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவில் யாரையும் உட்காரவைக்காதீர்கள்.

எழுத்துக்கு மாற்றுவதில் எனக்கு அவ்வளவு பற்று இல்லை. ஒரு மணி நேரப் பேச்சை முழுதாக எழுத எனக்கு ஏழெட்டு மணி நேரம் பிடிக்கிறது. கணினி எழுதித் தருவதில் யாழ்ப்பாணப் பேச்சும் தொழிற்சாலை ஆங்கிலமும் கலந்து வந்தால் திருத்தும் வேலை எழுதும் வேலையைவிடக் கூடிவிடுகிறது. அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் நன் வாய்மொழி வரலாற்று மையம் வேறொரு வழியைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. பேச்சை நிமிடக் கணக்கில் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தலைப்பும் சில வரிச் சுருக்கமும் எழுதி, அதைத் தொட்டால் ஒலி அந்த இடத்திலிருந்து ஓடும்படி செய்யும் ஓமஸ் என்ற மென்பொருள். நமக்கு அந்த மென்பொருள்கூட உடனே வேண்டாம், ஒரு சாதாரண அட்டவணை போதும். "23ஆம் நிமிடம்: சீட்டுக் கழித்து எடுத்து முதல் கார் வாங்கியது." இப்படி எழுத ஒரு மாலை போதும்.

இனி, எல்லோரும் கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளிவைக்கிற காரியம். பதிவு எங்கே போகும், யார் கேட்கலாம்? அமெரிக்காவின் பொஸ்டன் கல்லூரி 2001 முதல் வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுததாரிகளைப் பதிவு செய்தது. நீங்கள் உயிரோடிருக்கும் வரை வெளியே போகாது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். 2011 இல் பிரித்தானியப் பொலிசுக்காக அழைப்பாணை வந்தது. வழக்காடிப் பார்த்தும் சில பதிவுகளைக் கொடுக்க வேண்டியதாயிற்று. நம்மவர்களிடம் கேட்பது வேலையைப் பற்றித்தானே என்று இருக்க முடியாது. அனுமதிப் பத்திரம் வருமுன் கையில் காசு வாங்கிச் செய்த வேலை, இன்னொருவர் அட்டையில் செய்த வேலை, படிவத்தில் எழுதியதற்கும் இப்போது வாய் தவறிச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் வேலைக் கதைக்குள்ளேதான் கிடக்கின்றன. பொய்த் தகவலால் பெற்றது என்று கண்டால் அகதிப் பாதுகாப்பைப் பின்னாளில் நீக்கவும் கனடாச் சட்டத்தில் இடமிருக்கிறது.

ஆகவே சம்மதத்தை இரண்டு தடவை கேட்க வேண்டும். பதிவுக்கு முன் ஒன்று, அவரே கேட்டுப் பார்த்தபிறகு ஒன்று. வெட்டச் சொன்ன இடத்தை மூலக் கோப்பிலிருந்தே வெட்டிவிட வேண்டும். ஆவணவியலாளர்கள் இதைக் கேட்டால் என்னை அடிக்க வருவார்கள், வரட்டும். காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுப்பதைவிட அந்த மூன்று நிமிடம் இல்லாமல் போவது மேல். யூடியூபில் ஏற்றலாம் என்பவர்களுக்கும் இதுவே பதில். ஏற்றியதைப் பிறர் பிரதி எடுத்தபின் திரும்பப் பெற வழியில்லை. பிரதியை வைக்க 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் இருக்கிறது. ஈழத்து ஆவணங்களைச் சேர்ப்பதே அவர்கள் தொழில். யாரிடம் கொடுத்தாலும், எது திறந்திருக்கும், எது எத்தனை வருடம் பூட்டியிருக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டு கொடுப்போம்.

பதினாறில் எட்டுப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கப் போகிறேன். காரணம் எங்கள் தெரு அக்கா ஒருவர். என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "நான் ஒன்றும் செய்யவில்லை, சும்மா வீட்டில்தான்" என்றார். சரி, ஒரு நாள் எப்படிப் போகும், காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள் என்று கேட்டேன். நாலு மணிக்கு. ஏன் நாலு மணிக்கு? இடியப்ப மாவைக் கிளற. எத்தனை இடியப்பம்? முந்நூறு, சனி ஞாயிறு ஐந்நூறு. பத்துப் பத்தாகப் பொதி செய்து, சம்பலும் சொதியும் தனியாகக் கட்டி, எட்டு மணிக்குள் நாலு கடைக்குப் போய்விட வேண்டும். எத்தனை வருடம்? "மூத்தவன் பல்கலைக்கழகம் முடிக்கிற வரைக்கும்," என்றார். பதினொரு வருடம். உரலைப் பிழிந்து பிழிந்து வலது தோள் இறங்கிவிட்டது. முடிக்கு மேல் கை தூக்க முடியாமல் மகள்தான் தலை வாரிவிடுகிறாள். அந்தப் பதினொரு வருடமும் எந்தப் படிவத்திலும் இல்லை.

அவருடைய இரண்டாம் அமர்வு வருகிற சனிக்கிழமை. பழைய உரல் நிலவறையில் எங்கோ இருக்கிறதாம், தேடி எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கமெராவையும் கொண்டுபோகிறேன்.